படியோலையும் மூலவோலையும்

திருவெண்ணெய்நல்லூர்க் கோயிலுக்குள் ஒரு மண்டபத்தைக் காட்டி, "வழக்கு நடந்த எடம் இதான்" என்பார்கள். கல்யாணப் பந்தலில் புகுந்து மாப்பிள்ளையை மறித்த கிழவர், இந்த ஊர்ச் சபையில் தம் வழக்கை வைத்து ஜெயித்தார் என்பது கதை. போன மார்கழியில் அந்த மண்டபத்தருகே உட்கார்ந்துதான் எனக்கும் ஒரு பெரியவருக்கும் தகராறு. சாமி விஷயமில்லை, சினிமா விஷயம். நல்ல சஸ்பென்ஸ் படம் என்றால் எது?

பெரியவர் இந்தச் சுற்றுவட்டார டூரிங் கொட்டகைகளில் பல வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். ஒரே படத்தை முப்பது தடவை ஓட்டியவருக்குத் திரையில் புதிதாக என்ன இருக்கும்? அவர் ஓட்டை வழியாகப் பார்த்ததெல்லாம் தரை டிக்கெட்டைத்தான். மணலைக் குவித்து உட்கார்ந்தவன் எப்போது பீடியை மறந்து விரலைச் சுட்டுக்கொள்கிறான், தூங்கின குழந்தையை மடியில் போட்டிருப்பவள் எப்போது அதை இறுக்கிக்கொள்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒற்றை புரொஜெக்டர் கொட்டகையில் ரீல் மாற்ற மூன்று நான்கு முறை விளக்கைப் போட்டாக வேண்டும். அவருடைய அளவுகோல் அங்கிருந்து வந்தது. "ரீல் மாத்தறப்ப வெளிய டீக்கடையில யாவாரம் ஆச்சுன்னா அது சஸ்பென்ஸ் படமே இல்ல தம்பி."

இதைவிட நல்ல இலக்கணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் அதோடு நிறுத்தாமல் அவர் இன்னொன்றையும் சேர்த்தார். "முடிவு தெரியாத வரைக்கும்தான் அதுக்கு உசுரு. கொலை பண்ணது யாருன்னு எவனாவது வெளிய வந்து கத்திட்டான்னா, அவ்ளோதான்." இந்த இடத்தில்தான் எனக்கு ஒத்துப்போகவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடமே அவருக்கு எதிர்ச்சாட்சி.

பெரிய புராணத்தில் சேக்கிழார் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். புத்தூரில் திருமணம். மணக்கோலத்தில் இருக்கிறார் திருநாவலூர் ஆரூரர். கிழவர் ஒருவர் வந்து, இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். பந்தலே சிரிக்கிறது. மாப்பிள்ளை கிழவரைப் பித்தன் என்கிறார், துரத்திப்போய் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலைதான், மூலவோலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். வழக்கு இங்கே வருகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றையாவது காட்டு என்று கேட்கிறது சபை. இசைந்து எழுதிய ஓலையைக் கிழித்துவிட்டால் அது வெற்றியாகிவிடுமா என்று மாப்பிள்ளைப் பக்கமும் கேள்வி திரும்புகிறது. மூலவோலை வருகிறது. பாட்டனார் கைப்பட எழுதிய வேறொரு ஓலையைக் கொண்டுவந்து எழுத்தோடு எழுத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

பந்தலில் வெடித்த குழப்பம், துரத்தல், ஆவணச் சோதனை, தோற்கவே முடியாது என்று நினைத்தவன் அங்குலம் அங்குலமாகத் தோற்பது என்று சஸ்பென்ஸ் படத்துக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் சேக்கிழார் எதையும் ஒளித்துவைக்கவில்லை. கிழவர் சாமிதான் என்பது கேட்பவர்களுக்கு முதலிலேயே தெரியும். கயிலாயத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அவர் வருகிறார் என்பதும் தெரியும். கதைக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது, எல்லாருக்கும் மேலாக மாப்பிள்ளைக்கு. அவர் "பித்தன்" என்று சொல்கிறபோது நமக்கு நெஞ்சு பதறுவது எதனால்? அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிவதனால்தானே?

இதைத்தான் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவோடு பேசியபோது வெடிகுண்டை வைத்து விளக்கினார். மேசைக்கடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் நமக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் தெரியாமல் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிஷம் சஸ்பென்ஸ். சொன்னது மட்டுமில்லை, அதற்கு முன்பே செய்தும் காட்டியிருந்தார். 1958இல் வந்த 'வெர்டிகோ'வுக்கு மூலமான பிரெஞ்சு நாவல் தன் ரகசியத்தைக் கடைசிவரை பொத்திவைக்கிறது. படமோ முடிவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே அதை அவிழ்த்து நம் கையில் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் படம் தாங்கமுடியாததாகிறது.

தமிழில் அந்தக் குண்டை மேசைக்கடியில் வைக்காமல் பொம்மைக்குள் வைத்தார் எஸ். பாலசந்தர். 1964இல் வந்த 'பொம்மை'யில் ஒருவரை விமானத்தோடு தீர்த்துக்கட்ட ஒரு பொம்மைக்குள் குண்டு வைக்கிறார்கள். பொம்மை தவறிப்போய்க் கை மாறிக்கொண்டே இருக்கிறது. பார்க்கிற நமக்குத் தெரியும், அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியாது. படம் முழுக்க அவ்வளவுதான். கே. ஜே. யேசுதாஸ் தமிழுக்கு வந்த படம் என்பதற்காக இன்று அதை நினைவுவைத்திருக்கிறோம், பொம்மையை மறந்துவிட்டோம்.

பாலசந்தர் வீணை வித்வான் என்பதைச் சொல்லாமல் அவர் படங்களைப் பற்றிப் பேசக்கூடாது. யாரிடமும் உட்கார்ந்து கற்காமல் தானாகவே வாசித்துப் பெரிய ஆளானவர். ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு நம்மை இழுத்துக்கொண்டே போவார். எந்தச் சுரத்தில் போய் நிற்கும் என்று ராகம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அங்கே போய்ச் சேரும்வரை மூச்சு விடமாட்டார்கள். சஸ்பென்ஸ் என்ற சங்கதி அவருக்கு விரலிலேயே இருந்தது என்று எனக்கொரு எண்ணம்.

அவருடைய 'அந்த நாள்' 1954 ஏப்ரல் 13இல் வந்தது. ஏவி.எம். தயாரிப்பு, ஜாவர் சீதாராமன் எழுத்து. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. அதுவரை தமிழ்ப் படம் எதுவும் துணியாத காரியம். இன்னொரு துணிச்சல், சிவாஜி கணேசனை எடுத்த எடுப்பிலேயே சுட்டுக் கொன்றுவிடுவது. விழுப்புரத்து மண்ணில் பிறந்தவர் என்பதால் எங்கள் பக்கத்தில் அவர்மீது தனிப் பாசம். எங்கள் ஆளை முதல் காட்சியிலேயே கொன்றால் கொட்டகை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வெளியானபோது படம் தேறவில்லை. பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது.

1943இல் சென்னை மீது ஜப்பானியக் குண்டு விழுந்த நாட்கள் பின்னணி. ரேடியோ எஞ்சினியர் ராஜன் செத்துக்கிடக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஒரு நாட்டியக்காரி, மனைவி என்று ஐந்து பேர். ஒவ்வொருவரும் வேறு ஒரு ராஜனைச் சொல்கிறார்கள், இன்னொருவர் மேல் கையைக் காட்டுகிறார்கள். குரோசவாவின் 'ராஷோமோன்' பார்த்த பாதிப்பு பாலசந்தருக்கு இருந்தது. ஆனால் அங்கே உண்மை கடைசிவரை வழுக்கிக்கொண்டே போகும். இங்கே ஓர் இடத்தில் நின்றுவிடும். நாட்டின் ரகசியங்களை எதிரிக்கு விற்ற கணவனைச் சுட்டது மனைவி உஷாதான்.

முடிவைப் போட்டு உடைத்துவிட்டேன் என்று பெரியவர் முறைத்தார். வேண்டுமென்றேதான் உடைத்தேன். இது தெரிந்தபின் அந்தப் படத்தை மறுபடி பார்க்க உட்காருங்கள். உஷாவாக வரும் பண்டரிபாயின் முகத்தை மட்டும் பாருங்கள். முதல் தடவை ஒரு விதவையின் அழுகையாகத் தெரிந்தது, இந்தத் தடவையும் விதவையின் அழுகைதான். அதில் ஒரு சொட்டுகூட நடிப்பில்லை. அவள் கணவனை நேசித்தது உண்மை, கொன்றதும் உண்மை. முதல் தடவை அவள் பேசத் தயங்குகிறபோது துக்கம் என்று விட்டுவிட்டோம். இரண்டாம் தடவை அந்தத் தயக்கத்துக்குள் இரண்டு காரணங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. ஒரே காட்சி, ஒரே ஒளி, ஒரே வசனம். படம் மட்டும் வேறு.

சாதாரணத் துப்பறியும் படம் படியோலை மாதிரி. கிழித்துவிட்டால் தீர்ந்தது. பெரிய படத்துக்கு ஒரு மூலவோலை எங்கேயோ பத்திரமாக இருக்கிறது.

"எல்லாம் சரி, 'அதே கண்கள்'?" என்றார் பெரியவர். 1967இல் ஏ. சி. திருலோகசந்தர் எடுத்தது, ஏவி.எம். வண்ணப் படம். கொட்டகையே நடுங்கும், டீ மாஸ்டர் ஈ ஓட்டுவார் என்றார். நம்புகிறேன். திரையில் அந்தக் கண்கள் வரும்போதெல்லாம் எனக்கும் முதுகு சில்லிட்டிருக்கிறது. ஆனால் யார் என்று தெரிந்தபின் அந்தப் படத்தில் எனக்கு மிஞ்சுவது வேதாவின் இசையும் வண்ணங்களும். அது ஒரு நல்ல பொழுதுபோக்கு, பெரிய படம் என்று சொல்லமாட்டேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளவேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன படம் 'புதிய பறவை'. தாதா மிராசி இயக்கி 1964 செப்டம்பரில் வந்தது. வங்காளப் படம் ஒன்றின் வழியாகவும் அதற்கு முன்னோடியான ஆங்கிலப் படம் ஒன்றின் வழியாகவும் வந்த கதை. ஆனால் வெண்ணெய்நல்லூர்க்காரன் பார்த்தால் வேறொன்று தெரியும். கல்யாண வரவேற்பு நடக்கிற வீட்டுக்குள் ஓர் ஆள் வந்து நின்று மாப்பிள்ளைமேல் உரிமை கொண்டாடுகிறது. எங்கள் கதைதான், கிழவருக்குப் பதிலாகச் சௌகார் ஜானகி.

செத்துப்போன மனைவி சித்ரா நான்தான் என்கிறாள் வந்தவள். இல்லை என்று மாப்பிள்ளை கோபால், அதாவது சிவாஜி, கத்துகிறான். அடையாளங்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கமே சாய்கின்றன. முதல் தடவை பார்க்கிறவன் இந்த இருவரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று அலைகிறான். இந்தக் கேள்வி மட்டும்தான் படம் என்றால் அதுவும் படியோலையாகவே போயிருக்கும். உள்ளே இருக்கிற முடிச்சு வேறு. கோபால் சொல்வது அட்சரம் பிசகாத உண்மை: இவள் என் மனைவி இல்லை. இவ்வளவு நிச்சயமாக அவனால் எப்படிச் சொல்லமுடிகிறது? அவனுக்கு மட்டும்தான் தெரியும், அவன் கையாலேயே அவள் செத்தாள் என்று. தன் உண்மையை நிரூபிக்க அவனிடம் இருக்கிற ஒரே சாட்சி அவனுடைய குற்றம். வாயைத் திறந்தால் வழக்கை ஜெயிப்பான், உயிரைத் தோற்பான்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சிவாஜியின் நடிப்பு முழுக்க இடம் மாறி உட்கார்கிறது. ரயிலின் சத்தத்துக்கு அவர் ஏன் அப்படிக் கலங்குகிறார் என்பதற்கு முதல் தடவை ஒரு விளக்கம் கிடைத்திருந்தது, மனைவி தண்டவாளத்தில் செத்தாள் என்று. அந்த விளக்கமும் பொய்யில்லை, பாதி உண்மை. மிகை என்று சிலர் முகம் சுளிக்கிற இடங்களைப் போய்ப் பாருங்கள். கோபால் நடித்துக்கொண்டிருக்கிறான்; நடிக்கிற மனிதனைச் சிவாஜி நடிக்கிறார். நிம்மதியைத் தேடி அலறும் அந்தப் பாட்டை விஸ்வநாதன்–ராமமூர்த்தி அத்தனை வாத்தியங்களை அடுக்கிச் செய்தது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கும். ஒரு மனிதனின் மண்டைக்குள் நடக்கிற இரைச்சல் அது.

சரோஜாதேவியை யாரும் பேசுவதில்லை. அவர் நடித்த மணப்பெண் லதா காவல்துறையைச் சேர்ந்தவள், கோபாலின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்க அனுப்பப்பட்டவள் என்பது கடைசியில்தான் தெரியும். திரும்பிப் பார்த்தால் அவளுடைய கொஞ்சலிலும் செல்லக் கோபத்திலும் எங்கே வேலை முடிந்து எங்கே காதல் ஆரம்பித்தது என்று கோடு போடமுடியவில்லை. கோபால் உண்மையைக் கொட்டிய அந்த நிமிஷத்தில் அந்த முகத்தில் வருவதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்னால் வந்தவர்களில் பாரதிராஜாவும் (1978இல் 'சிகப்பு ரோஜாக்கள்') பாலு மகேந்திராவும் (1980இல் 'மூடுபனி') கொலைகாரனை ஒளித்துவைக்கிற விளையாட்டைப் பெரிதாக ஆடவில்லை. அவன் இவன்தான், அவனோடு ஒரு பெண் ஒரே வீட்டில் இருக்கிறாள், போதும் என்று விட்டார்கள். 'மூடுபனி'யில் ஊட்டிக் குளிர் நம் எலும்புக்குள் இறங்குவது அதனால்தான்.

பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பொழுது சாய்ந்து சன்னிதிக்குப் போகிற கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. பிறகு அவராகவே கேட்டார்.

"வழக்குல ஜெயிச்சதும், 'இந்த ஊருதான்னா உன் வீடு எங்க இருக்கு, காட்டு'ன்னு கேட்டாங்க இல்ல?"

"ஆமாண்ணே. வாங்க காட்டறேன்னு கிழவர் முன்னால நடந்து, நேரா இந்தக் கோயிலுக்குள்ள நுழைஞ்சு மறைஞ்சுட்டார்."

அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "அவரு பின்னால சபை மொத்தமும் நடந்து வருது பாரு, கோயில் வாசல் வரைக்கும். அந்த எடத்துல ரீல் மாத்தினா ஒருத்தன் எழுந்திருக்க மாட்டான் தம்பி."

டீ குடிக்கலாமா என்று கேட்டேன். சாமி பார்த்துவிட்டு வந்து குடிக்கலாம் என்றார்.