ஃபிரான்ட்ஸ் வீட்டில் என்ன மொழி பேசினான்?

நான் படித்த சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் முதல் பாடமே அல்போன்ஸ் தோதேயின் 'கடைசிப் பாடம்'தான். 1871இல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸ், அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழக்கிறது. இனி அங்குள்ள பள்ளிகளில் ஜெர்மன் மட்டுமே என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. ஹாமெல் வாத்தியார் தன் கடைசி பிரெஞ்சு வகுப்பை நடத்துகிறார். ஃபிரான்ட்ஸ் என்ற சிறுவன் அதைச் சொல்கிறான்.

தாய்மொழியின் அருமை பற்றி எப்படியும் ஒரு கேள்வி வரும் என்று எங்களைத் தயார் செய்தார்கள். நானும் உருகி உருகி ஒரு பக்கம் எழுதினேன், மார்க்கும் கிடைத்தது. யாருடைய தாய்மொழி என்று அப்போது கேட்கத் தோன்றவே இல்லை.

சமீபத்தில் திரும்ப வாசித்தபோது பெயர்கள்தான் முதலில் இடறின. ஃபிரான்ட்ஸ், ஹவுசர், வாக்டர். எல்லாமே ஜெர்மானியப் பெயர்கள். கதையில் சார் ஆறு வருகிறது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் மக்கள் வீட்டில் பேசியது ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த வட்டார மொழி. பிரெஞ்சு, பள்ளிக்கூடத்தின் மொழி, சர்க்காரின் மொழி. அப்படியென்றால் பார்ட்டிசிபிளைக் கண்டு ஃபிரான்ட்ஸ் நடுங்குவது வெறும் சோம்பேறித்தனம் இல்லை. வேற்றுமொழி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனின் பயம். அட, நமக்குத் தெரியாத பயமா அது? அந்தக் கதையையே நாங்கள் அப்படித்தானே ஆங்கிலத்தில் படித்தோம்!

தோதே இதை அறியாதவர் அல்ல. அவர் பிறந்த நீம் நகரம் இருப்பது தென் பிரான்சில். அங்கும் வீட்டுமொழி வேறு, பள்ளிமொழி வேறு. ஆனால் தோற்ற நாட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்த கதையில் அந்த வீட்டுமொழிக்கு இடமில்லை. ஒரு வார்த்தைகூட அதில் யாரும் பேசுவதில்லை. இதைத்தான் கதையின் பெரிய குறையாக நான் நினைக்கிறேன்.

ஆனாலும் கதை உண்மை பேசும் இடங்கள் உண்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் பிள்ளைகளை அனுப்பியதையும், மீன் பிடிக்கப் போக லீவு விட்டதையும் ஹாமெல் ஒப்புக்கொள்கிறார். கூலிக்காகப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய பெற்றோரையும் விடுவதில்லை. அன்றைக்கு மட்டும் ஃபிரான்ட்ஸுக்கு இலக்கணம் முழுக்கப் புரிந்துவிடுகிறது. இலக்கணம் ஒன்றும் எளிதாகிவிடவில்லை. வாத்தியார் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், பையன் காது கொடுத்துக் கேட்டான். அவ்வளவுதான். வேற்றுமொழி சொல்லிக்கொடுக்கிற யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இடத்தைத்தான்.

1918க்குப் பிறகு அல்சாஸ் பள்ளிகளில் மறுபடி பிரெஞ்சு வந்தது. 1940இல் ஜெர்மன். போர் முடிந்ததும் திரும்பவும் பிரெஞ்சு. கொடி மாறும்போதெல்லாம் பாடமொழியும் மாறியது. வீட்டில் பேசிய மொழிக்காகக் கண்ணீர் விட ஒரு ஹாமெல் எழுதப்படவில்லை.

இந்தப் பாடத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. தேர்வில் ஒரு கேள்வியை மட்டும் சேர்க்கலாம்: பன்னிரண்டு மணி அடித்து வகுப்பு முடிந்ததும் ஃபிரான்ட்ஸ் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததை எந்த மொழியில் சொல்லியிருப்பான்?