வகுப்பறையில் ஆய்வாளர் அமரும் இடம்

பாடசாலையை ஆராயப் புகும் சமூகவியலாளர் எவர் பக்கத்தில் அமர்வது என்பது வெறும் வசதி பற்றிய வினாவன்று. அதிபரின் அனுமதியுடன் நுழைபவரை மாணவர் அதிகாரத்தின் ஆளாகக் கருதக்கூடும். மாணவர் பக்கம் சார்ந்தாலோ ஆசிரியர் ஐயுறுவர். 1977இல் வெளிவந்த போல் வில்லிஸின் ‘லேர்னிங் டு லேபர்’ (உழைக்கக் கற்றல்) என்னும் நூல் இச்சிக்கலுக்குத் துணிவான விடையொன்றைத் தந்தது. இங்கிலாந்தின் மத்திய பகுதித் தொழில் நகரொன்றில், பாடசாலையை எதிர்த்துநின்ற தொழிலாள வர்க்கச் சிறுவர் 12 பேருடன் அவர் பழகினார். குழு உரையாடல்களில் அவர்தம் பேச்சுக்குச் செவிகொடுத்தார். வேலைத்தலம் வரை அவர்களைப் பின்தொடர்ந்தார். கல்வியை நிராகரித்த அவ்வெதிர்ப்பே அவர்களை உடலுழைப்புக்கு இட்டுச்சென்றது என்ற அவரது முடிபு, வினாக்கொத்தினால் மட்டும் எட்டக்கூடியதன்று.

ஆயினும் அந்நெருக்கத்திலிருந்தே நூலின் குறையும் பிறக்கிறது. பாடசாலைக்கு இணங்கி நடந்த மாணவர் பெரும்பாலும் ஒப்பீட்டுக்கே பயன்பட்டனர். அச்சிறுவர் பெண்களை இழிவுபடுத்திப் பேசியதைப் பதிவுசெய்த வில்லிஸ், அதனைப் போதியளவு விசாரணைக்கு உட்படுத்தவில்லை என அஞ்சலா மக்றொபி 1980இல் சுட்டிக்காட்டினார். உரத்த குரல் வர்க்கத்தின் முழுக்குரலாகிவிடாது. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் ஆய்வாளர், அவர்களுள்ளும் எவர் குரல் தமக்கு எட்டவில்லை என்பதைத் தம் ஆய்வேட்டிலேயே கூறுதல் வேண்டும்.