சிறைச்சுவருக்குள் பிறந்த இசைத்தட்டு

துன்புறுவோரைத் தேடிச் சென்று அவர்கள் நடுவே பாடுவது அன்பின் செயல். அந்தப் பாடலைப் பதிவு செய்து சந்தைக்கு அனுப்புவது வணிகத்தின் செயல். இவ்விரண்டும் ஒரே நாளில், ஒரே கூடத்தில், ஒரே மனிதர் வழியாக நிகழுமாயின் அந்தப் படைப்பை எவ்வாறு மதிப்பிடுவது? அமெரிக்கக் கண்ட்ரி இசையின் வரலாற்றில் இக்கேள்வியை ஓர் இசைத்தட்டு மிகக் கூர்மையாக எழுப்புகிறது. ஜானி கேஷ் 1968இல் வெளியிட்ட 'ஆட் ஃபோல்சம் பிரிசன்' என்பதே அது.

கண்ட்ரி இசை என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் உழவரும் கூலியாட்களும் வளர்த்தெடுத்த இசை. உழைப்பு, குடி, பிரிவு, சாவு, மன்னிப்பு ஆகியவையே அதன் பாடுபொருள். 1932இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் பிறந்து, பருத்திக் காட்டில் வேலை செய்து வளர்ந்த கேஷுக்கு இது தாய்மொழி போன்றது. பன்னிரண்டு வயதில், தம் அண்ணன் ஜாக் இரம்ப இயந்திரத்தில் அடிபட்டு மாண்டதைக் கண்டவர் அவர். அந்த இழப்பின் நிழல் அவருடைய ஆழ்ந்த குரலில் இறுதிவரை படிந்திருந்தது.

அமெரிக்க விமானப்படை வீரராக ஜெர்மனியில் இருந்தபோது, ஃபோல்சம் சிறையைப் பற்றிய திரைப்படம் ஒன்றைக் கண்டார். அதன் விளைவே 'ஃபோல்சம் பிரிசன் புளூஸ்' என்னும் பாடல். சிறையில் கிடக்கும் ஒருவன் தொலைவில் ஓடும் இரயிலின் ஓசையைக் கேட்டு ஏங்குவது அதன் பொருள். அதன் மெட்டும் சொற்களும் பெருமளவு கார்டன் ஜென்கின்ஸ் என்பவரின் முந்தைய பாடலிலிருந்து பெறப்பட்டவை. பின்னாளில் கேஷ் அவருக்கு இழப்பீடு தர நேர்ந்தது. ஆயினும் 1955இல் அது இசைத்தட்டாக வெளிவந்த பிறகு, சிறைகளிலிருந்து அவருக்குக் கடிதங்கள் வரத்தொடங்கின. 1957இல் டெக்சாசின் ஹன்ட்ஸ்வில் சிறையில் முதன்முறையாகக் கைதிகளுக்காகப் பாடினார். இத்தகைய நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்யவேண்டும் என்ற அவருடைய விருப்பத்தைக் கொலம்பியா நிறுவனத்தார் பல்லாண்டுகள் பொருட்படுத்தவில்லை. பாப் டிலனின் இசைத்தட்டுகளைத் தயாரித்த பாப் ஜான்ஸ்டன் பொறுப்பேற்ற பின்னரே அது கைகூடியது.

அப்போது கேஷின் நிலைமையும் இரங்கத்தக்கதாகவே இருந்தது. போதை மாத்திரைகளுக்கு அடிமையாகி, 1965இல் எல் பாசோ நகரில் கைது செய்யப்பட்டவர் அவர். நீண்ட சிறைத்தண்டனை எதையும் அவர் அனுபவித்ததில்லை. ஆனால் விழுந்து எழ முயலும் மனிதனின் நடுக்கம் அவருக்குத் தெரியும். இந்த இசைத்தட்டின் மெய்ம்மைக்கு அந்த அனுபவமே அடித்தளம்.

1968 சனவரி 13 அன்று காலையும் நண்பகலும், கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறை உணவுக்கூடத்தில் இரு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. கருங்கல் சுவர்கள் சூழ்ந்த பழஞ்சிறை அது. ஆயுதம் தாங்கிய காவலர்கள் கண்காணித்து நின்றனர். லூத்தர் பெர்கின்ஸ் உள்ளிட்ட மூவர் குழுவும், கார்ல் பெர்கின்சும், அடுத்த மார்ச்சில் கேஷின் மனைவியாகவிருந்த ஜூன் கார்ட்டரும் உடன் வந்திருந்தனர். இசைத்தட்டில் இடம்பெற்ற பதினாறு பாடல்களுள் இரண்டு தவிர மற்றவை காலை நிகழ்ச்சியில் பாடப்பட்டவை.

பாடல்களைத் தேர்ந்தெடுத்த முறையிலேயே இதன் முதற்சிறப்பு இருக்கிறது. கைதிகளுக்கு அறநெறி புகட்டும் பாடல்களை அவர் அடுக்கவில்லை. தூக்குமேடையில் நிமிடங்களை எண்ணுபவன், நிலக்கரிச் சுரங்கத்தில் தேய்பவன், தாயின் படத்தை அனுப்பும்படி வேண்டுபவன், தப்ப முயன்று மடிபவன் என அவர்கள் அறிந்த மனிதர்களையே அவர்கள்முன் நிறுத்தினார். கூடத்தில் சிரிப்பு எழும்பும்போது தாமும் சிரித்துவிடுகிறார். பாடல்களுக்கிடையே கைதியின் எண்ணைக் கூறி அழைக்கும் அதிகாரிகளின் அறிவிப்புகளும் நீக்கப்படாமல் ஒலிக்கின்றன. பெயரிழந்து எண்ணாகிப்போன மனிதர்களின் உலகை, எந்த விளக்கவுரையுமின்றி அவை நமக்கு உணர்த்திவிடுகின்றன.

ஆனால் இந்த இசைத்தட்டில் ஒரு பொய்யும் இருக்கிறது. ஃபோல்சம் பாடலில், ஒரு மனிதன் சாவதைப் பார்ப்பதற்காகவே அவனைச் சுட்டதாகக் கதைசொல்லி கூறும் அடி வருகிறது. அந்த அடி முடிந்ததும் கைதி ஒருவர் மகிழ்ந்து கூவும் ஒலி கேட்கிறது. கேட்போரின் உடலைச் சிலிர்க்கவைத்த இடம் இது. உண்மையில் அந்தக் கூவல் அங்கே எழவில்லை. பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது ஒட்டப்பட்டது என்பதை, இந்த இசைத்தட்டைப் பற்றி 2004இல் நூல் எழுதிய மைக்கேல் ஸ்ட்ரைஸ்கத் வெளிப்படுத்தினார். காவலர்களின் பார்வைக்கு முன்னால் எதற்கு ஆரவாரம் செய்வது என்பதில் கைதிகள் மிகுந்த எச்சரிக்கையோடு இருந்தனர்.

இது சிறு நுட்பம்தானே என்று சிலர் கருதக்கூடும். அப்படிக் கடந்துபோக இயலவில்லை. கொலையைக் கேட்டுக் களிக்கும் கூட்டமாகக் கைதிகளைக் காண வெளியுலகம் விரும்பியது. தயாரிப்பாளர்கள் அந்த விருப்பத்திற்கு உருக்கொடுத்தனர். மௌனமாயிருந்த மனிதரின் வாயில் கூச்சலை வைத்தனர். பேச உரிமையற்றவர் மீது எதையும் ஏற்றிச் சொல்லலாம் என்ற பழைய அநீதியின் மற்றொரு வடிவமே இது.

அவ்வாண்டு மே மாதம் இசைத்தட்டு வெளிவந்தது. சூன் மாதத் தொடக்கத்தில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். வானொலி நிலையங்கள் அந்தப் பாடலை ஒலிபரப்பத் தயங்கவே, கேஷ் எதிர்த்தும் அந்த அடியை வெட்டிவிட்டு நிறுவனம் மறுபதிப்பை அனுப்பியது. விற்பனைக்காக முதலில் ஆரவாரம் சேர்க்கப்பட்டது. பிறகு அதே விற்பனைக்காக அடியே நீக்கப்பட்டது. இரண்டு முறையும் கைதிகளை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. பாடல் கண்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. சரிந்திருந்த கேஷின் புகழும் மீண்டும் உயர்ந்தது.

இந்தத் தட்டின் உண்மையான உச்சம் அதன் கடைசிப் பாடலில் இருக்கிறது. கொள்ளைக் குற்றத்திற்காக அங்கே அடைபட்டிருந்த கிளென் ஷெர்லி, சிறைக்குள் நிற்கும் கற்சிற்றாலயத்தைப் பற்றி 'கிரேஸ்டோன் சாப்பல்' என்ற பாடலை எழுதியிருந்தார். கைதிகளைச் சந்தித்துவந்த ஃபிளாய்ட் கிரெசட் என்னும் போதகர் அதன் ஒலிநாடாவை நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் கேஷிடம் சேர்ப்பித்தார். அன்றிரவே கேஷ் அதனைக் கற்றுக்கொண்டார். மறுநாள் முன்வரிசையில் அமர்ந்திருந்த ஷெர்லிக்குத் தம் பாடல் பாடப்படவிருப்பது தெரியாது. எழுதியவரின் பெயரை அவருடைய தோழர்கள் அனைவரும் கேட்க அறிவித்துவிட்டு, கேஷ் பாடினார்.

அவசரமாகக் கற்ற பாடலின் தடுமாற்றம் அதில் தெரிகிறது. கலைநயத்தில் அது இத்தட்டின் சிறந்த பாடலென்று கூற இயலாது. ஆனால் எண்ணாக இருந்த ஒருவர் அந்தச் சில நிமிடங்களில் மீண்டும் பெயராகிறார். சிறைப்பட்டோரைச் சந்திப்பதை இரக்கச் செயல்களுள் ஒன்றாக நாம் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். சந்திப்பதென்பது கொடுப்பது மட்டுமன்று, அவர்களிடமிருந்து பெறுவதும்தான் என்பதை இந்தப் பாடல் கற்பிக்கிறது.

கதை இங்கே நிறைவுற்றிருந்தால் நமக்கு ஆறுதலாயிருக்கும். 1971இல் கேஷின் ஆதரவோடு ஷெர்லி விடுதலையானார். கேஷ் அவருக்கு வேலையும் மேடையும் தந்தார். 1972இல் சிறைச் சீர்திருத்தம் குறித்து அமெரிக்கச் செனட் துணைக்குழு முன்னிலையில் இருவரும் சாட்சியமளித்தனர். ஆனால் நெடுங்காலச் சிறைவாழ்வின் காயம் மேடை வெளிச்சத்தால் ஆறவில்லை. ஷெர்லியின் போக்கு உடனிருந்தோரை அச்சுறுத்தியது. கேஷ் அவரைத் தம் குழுவிலிருந்து விலக்கினார். 1978இல் ஷெர்லி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடக்கச் செலவைக் கேஷ் ஏற்றார்.

கேஷைக் குற்றவாளியாக்குவது இங்கு நம் நோக்கமன்று. பலர் செய்யத் துணியாததைச் செய்தவர் அவர். எனினும் ஒரு மனிதனைப் பாட்டின் வழியே உலகறியச் செய்வது எளிது, பாட்டு முடிந்தபின் அவனோடு நடப்பது அரிது என்பதை இவ்வரலாறு மறைக்கவில்லை. சிறைக்கதவு திறந்தபின் ஒருவருக்குத் தேவைப்படுவது கைதட்டல் அன்று. பொறுமையும் மருத்துவமும் நீடித்த துணையும் ஆகும். அவற்றைத் தரவேண்டியது ஒரு பாடகர் மட்டுமல்லர், ஒரு சமுதாயம்.

2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் இத்தட்டு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கேஷும் மறைந்தார். அந்தப் பெருமைக்கு இது முற்றிலும் தகுதியுடையதே. நாம் இதனைக் கேட்கும்போது, தொடக்கப் பாடலில் ஒட்டப்பட்ட கூவலைப் பொய்யென அறிந்து கடந்து, கடைசிப் பாடல்வரை காத்திருப்போம். முன்வரிசையில் ஒரு மனிதர் தம் சொற்களையே பிறர் குரலில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய பெயர் கிளென் ஷெர்லி.