அச்சுக்கலை பயில்வார்க்குரிய நூல்கள்

வடிவமைப்புக் கலையைக் கற்க விழையும் இளைஞர்கள் இன்று முதலில் நாடுவது கணினிச் செயலிகளையே. அவற்றின் பிரயோகத்தைச் சில மாதங்களில் கைவசப்படுத்திக்கொண்டு, அழைப்பிதழும் சுவரொட்டியும் புத்தக அட்டையும் இயற்றத் தொடங்கிவிடுகின்றனர். செயலி கைவந்ததனாலேயே கலையும் கைவந்துவிட்டதென்று கொள்வது எத்துணைப் பிழை என்பது, திரையில் ஒளிவீசிய நீலம் தாளில் ஊதா பாய்ந்து இறங்கும்போதும், ஓரம் வெட்டிய பின் பக்க எண்ணில் பாதி காணாமற்போகும்போதும், நான்கு மைகளைக் கலந்து அமைத்த சிற்றெழுத்தின் கறுப்பு, மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்டர் விலகி, நிழலோடு நிற்கும்போதும் புலனாகிறது. கண்ணுக்குரிய சாஸ்திரம் ஒன்று, அச்சாலைக்குரிய சாஸ்திரம் வேறொன்று என்று பிரித்துக் கற்பதே இக்குறைகளுக்கெல்லாம் மூலகாரணம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இத்துறையில் சிறந்தனவாக நிலைபெற்ற நூல்களை நோக்கினும், அவற்றை எழுதியோரில் மிகப் பலர் அச்சாலையின் மைவாசனை அறிந்தவர்களாகவே இருத்தல் காண்கிறோம்.

இவ்வகையில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஜோசப் மாக்ஸன். நிலப்படங்களும் உலக உருண்டைகளும் செய்து விற்றவர்; லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்; எழுத்து வெட்டவும் வார்க்கவும் கோக்கவும் தாமே கற்றவர். அவர் 1683, 1684 ஆகிய ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘மெக்கானிக் எக்ஸர்ஸைஸஸ்’ என்னும் நூலின் இரண்டாம் தொகுதியே ஆங்கிலத்தில் அச்சுத்தொழில் முழுவதையும் விவரித்த முதல் நூலாகும். எழுத்து வெட்டுவோன், வார்ப்போன், அச்சுக் கோப்போன், மெய்ப்புத் திருத்துவோன், அச்சுப் பொறியை இயக்குவோன் ஆகிய ஒவ்வொருவனுடைய தொழிலையும், அவன் நிற்கும் நிலை முதற்கொண்டு அவர் எழுதிவைத்திருக்கிறார். அச்சுக் கோப்பவன் கையெழுத்துப் பிரதியைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கோத்தல் போதாது, ஆசிரியனுடைய கருத்தை உணர்ந்து அதனை வாசகனுக்கு விளங்கச் செய்பவனாகவும் இருத்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்துவது, ஈய எழுத்துகள் மறைந்துபோன இக்காலத்து வடிவமைப்பாளனுக்கும் ஓர் எழுத்தும் மாறாமல் பொருந்துகிறது. 1958-இல் ஹெர்பர்ட் டேவிஸும் ஹாரி கார்ட்டரும் குறிப்புரையுடன் வெளியிட்ட பதிப்பு, பழைய ஆங்கிலத்தின் கடுமையைப் பெரிதும் குறைத்துவிடுகிறது.

மாக்ஸனைச் சரித்திர ருசி உள்ளவர் படிக்கட்டும். அன்றாட வேலைக்கு வேண்டியது ‘பாக்கெட் பால்’ என்னும் சிறு கையேடு. அமெரிக்கக் காகிதக் கம்பெனியாகிய இன்டர்நேஷனல் பேப்பர் 1934-இல் இதனை முதன்முதலில் வெளியிட்டது. தொழில் மாறுந்தோறும் நூலும் திருத்தம் பெற்று வந்துள்ளது. நடையழகு என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆயினும் தாள், மை, பிளேட், ஸ்கிரீன், மடிப்பு, பைண்டிங் ஆகிய அனைத்தும் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் இதில் கிடைக்கின்றன.

இத்தகைய நூலைப் படிப்போர் கையில் ஒரு தாளும் பென்சிலும் இருத்தல் அவசியம். அச்சாலையில் ஃபாரம் என்று வழங்கும் பதினாறு பக்கத் தொகுதி எவ்வாறு அமைகிறதென்பதை எத்தனை பக்கம் படித்தாலும் மனத்தில் நிறுத்துதல் அரிது. ஒரு தாளை மும்முறை மடித்து, மடிப்பைக் கிழிக்காமலே ஓரங்களை விலக்கி 1 முதல் 16 வரை பக்க எண் இட்டுப் பின் விரித்துப் பார்த்தாலோ ஒரு நொடியில் விளங்கிவிடும். எண்கள் வரிசை குலைந்தும், பாதி தலைகீழாகவும் கிடக்கும்; எனினும் முதுகு மடிப்பின் இருபுறமும் நிற்கும் 1-உம் 16-உம், 4-உம் 13-உம், 5-உம் 12-உம், 8-உம் 9-உம் என்ற ஒவ்வோர் இணையையும் கூட்டினால் 17 வரும். தாளின் மறுபுறத்திலும் அவ்வாறே. இதனை ஒருமுறை செய்து பார்த்தவர், நூலில் வண்ணப் படங்கள் இடம்பெற வேண்டிய பக்கங்களைத் தாளின் ஒரே புறத்தில் விழுமாறு வகுத்து, ஒரு புறத்துக்கு மட்டும் நான்கு மையும் மறுபுறத்துக்குக் கறுப்பும் என்று செலவைச் சுருக்கும் உபாயத்தைத் தாமே கண்டுகொள்வர். தாளின் நார் ஓடும் திசை நூலின் முதுகுக்கு இணையாக இராவிடில் விரித்த நூல் படிந்து நில்லாது என்பது போன்ற நுட்பங்களை மார்ஷல் லீ 1965-இல் வெளியிட்ட ‘புக்மேக்கிங்’ விரிவாகக் கூறுகிறது. நூலின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் பதிப்பாசிரியர் பணியையும் ஒரே உறைக்குள் வைத்துப் பேசும் நூல்கள் சிலவே; அவற்றுள் இதற்கே முதலிடம் தருவேன்.

இனி எழுத்தமைதி பற்றிய நூல்கள். இங்கே யான் நீண்ட நேரம் நிற்க விரும்புவது ஜான் ஷிஹோல்ட் என்பாரிடம். லைப்ஸிக் நகரத்துப் பெயர்ப்பலகை ஓவியர் ஒருவரின் மைந்தர் இவர். 1928-இல், தமது இருபத்தாறாம் வயதில், ‘புதிய எழுத்தமைதி’ என்னும் பொருள்படும் ஜெர்மன் நூலை வெளியிட்டார். பக்கத்தின் நடுவே தலைப்பை நிறுத்தும் பழவழக்கம் உயிரற்றது; பொருளின் முக்கியத்துவத்துக்கு ஏற்ப எழுத்துகள் ஒருபுறம் ஒதுங்கியோ ஓங்கியோ நிற்றல் வேண்டும்; கொக்கியும் அலங்காரமும் அற்ற எழுத்தே இந்த யுகத்துக்கு உரியது; தாளின் அளவுகள் யாங்கணும் ஒரே தரத்தவாதல் வேண்டும் என்று அந்நூல் முழங்கிற்று. அச்சகத் தொழிலாளிகளை மனத்தில் வைத்தே அதனை அவர் எழுதினார் என்பது அதன் தனிச் சிறப்பு. 1933-இல் ஹிட்லர் அரசு அவரைச் சிறைப்பிடித்தது. விடுதலையான பின் குடும்பத்துடன் சுவிட்ஸர்லாந்துக்குச் சென்றார். பிற்காலத்தில் தம் கொள்கைகளைத் தாமே மறுபரிசீலனை செய்து, விட்டுக்கொடாத அந்தப் பழைய வேகத்தில் தாம் வெறுத்த சர்வாதிகாரத்தின் சாயலையே கண்டு, நடுநிறுத்திய பழைய அமைதிக்குத் திரும்பினார்.

1947 முதல் 1949 வரை இங்கிலாந்தின் பெங்குவின் நிறுவனத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்களைச் சீர்செய்தபோது, அச்சுக் கோப்பாளர்களுக்கென அவர் எழுதிக்கொடுத்த விதிகள் சில பக்கங்களே. சொற்களுக்கிடையே உள்ள இடைவெளி ஆங்கிலச் சிறிய ‘ஐ’ எழுத்தின் பருமன் அளவே இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வெகு அற்பமாகத் தோன்றும் இவ்விதியைக் கைக்கொண்ட பக்கத்தையும் கைக்கொள்ளாத பக்கத்தையும் அருகருகே வைத்து நோக்கினால், பின்னதில் வெண்மையான ஓடைகள் வரிக்கு வரி இறங்கிக் கண்ணை இழுப்பதைக் காணலாம். அவருடைய பிற்காலக் கட்டுரைகளின் தொகுப்பு 1991-இல் ‘தி ஃபார்ம் ஆஃப் தி புக்’ என்ற பெயரால் ஆங்கிலத்தில் வந்தது. இடைக்கால ஏட்டுப் பிரதிகளை அளந்து, உள் ஓரம், மேல் ஓரம், வெளி ஓரம், கீழ் ஓரம் ஆகியவை 2:3:4:6 என்ற விகிதத்தில் நின்ற இரகசியத்தை அவர் வெளிப்படுத்தும் கட்டுரை அதில் உள்ளது. கண் கூசும் வெள்ளைத் தாளைக் கண்டிக்கும் பகுதியும் உள்ளது. இளமையில் எழுதியதையும் முதுமையில் எழுதியதையும் சேர்த்துப் படிப்பவர்க்கு, ஒரு விதி எந்தக் காரணத்தால் பிறந்தது, எந்தக் காரணத்தால் தளர்ந்தது என்ற ஞானம் வாய்க்கிறது. இத்தகைய கல்வியைத் தரவல்ல வேறொருவரை இத்துறையில் யான் அறியேன்.

கனடா நாட்டுக் கவிஞர் ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் 1992-இல் வெளியிட்ட ‘தி எலிமெண்ட்ஸ் ஆஃப் டைப்போகிராபிக் ஸ்டைல்’ இன்று எழுத்தமைதியின் பிரமாண நூலாகவே மதிக்கப்படுகிறது. கவிஞர் எழுதிய இலக்கணமாதலின் அதன் வாக்கியங்களில் தாளம் உண்டு. சுவிட்ஸர்லாந்தின் யோஸ்ட் ஹோஹூலி 1987-இல் எழுதிய சிறு நூல் இதற்குச் சிறந்த துணை. பக்கத்தின் பெருந்தோற்றத்தை விட்டு, எழுத்து, சொல், வரி, வரியிடைவெளி ஆகியவற்றை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. கண் வரியின்மீது வழுக்கிச் செல்லாமல் தாவித் தாவி நின்று படிக்கும் விதத்திலிருந்து ஒவ்வொரு முடிவையும் தருவிக்கிறது.

தமிழ் அச்சிடுவோர் இந்நூல்களின் அளவுகளை அப்படியே எடுத்தாளுதல் கூடாது. ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை, சிறப்பாக 66 எழுத்து, என்று பிரிங்ஹர்ஸ்ட் கூறுவது ரோமன் எழுத்துக்கு உரிய கணக்கு. நம் எழுத்துகளுள் பல அகன்றவை. சொற்களும் விகுதிகள் ஏறி நீண்டவை. ஆகவே இருபுறமும் சமன்செய்த குறுகிய பத்தியில் சொல்லிடைவெளி சிதறிப்போகிறது. மேலே வளையும் இகர ஈகாரக் குறிகளும் கீழே சுழியும் உகர ஊகாரக் குறிகளும் வரிக்கு வரி முட்டாதிருக்க, ரோமன் எழுத்துக்கு விடுவதைக் காட்டிலும் அதிக இடைவெளி வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் நமக்கு இல்லாமையால், அதனை ஒட்டிய அத்தியாயங்கள் முற்றிலும் பயன்படா. விதியை விட்டுவிட்டு விதிக்குரிய காரணத்தைக் கைக்கொள்வதே இவ்விடத்துச் செய்யத்தக்கது.

பக்கத்தைக் கட்டங்களாக வகுக்கும் முறைக்கு யோசெப் முல்லர்-புரோக்மன் 1981-இல் ஜெர்மனும் ஆங்கிலமுமாக இயற்றிய ‘கிரிட் சிஸ்டம்ஸ்’ போதும். படக்கட்டத்தின் மேல்விளிம்பும் எழுத்து வரியும் ஒரே கோட்டில் நிற்குமாறு கணக்கிடும் வழியை அவர் படிப்படியாகக் காட்டுகிறார். பத்திரிகை அமைப்போர்க்கு இது இன்றியமையாதது. கவிதை நூல் அமைப்போர்க்கு அத்துணை அவசியமன்று.

வண்ணத்துக்கு ஜோசப் ஆல்பர்ஸ். 1963-இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘இன்டராக்ஷன் ஆஃப் கலர்’ முதலில் 150 பட்டுத்திரை அச்சுப் படத்தாள்களுடன் பெரும் பேழையாக வந்தது. 1971-இல் மலிவுப் பதிப்பு கிடைத்தது. சூத்திரங்களை முன்வைக்காமல் பயிற்சிகளை முன்வைக்கிறார் ஆசிரியர். ஒரே வண்ணத்தாளில் வெட்டிய இரு சிறு துண்டுகளை, ஒன்றைக் கரிய பின்னணியிலும் மற்றொன்றை வெளிறிய பின்னணியிலும் ஒட்டி, அவை இருவேறு நிறங்களாகத் தோன்றும்படி செய்க என்கிறார். செய்து பார்த்தவர் தம் கண்ணை அதன்பின் எளிதில் நம்பமாட்டார். அச்சாலையில் வண்ணமாதிரி அட்டையைப் பத்திரப்படுத்தி ஒப்புநோக்கும் வழக்கத்தின் அருமை அப்போதே தெரியும்.

சரித்திரம் வேண்டுவோர்க்கு ஃபிலிப் மெக்ஸ் 1983-இல் எழுதிய ‘எ ஹிஸ்டரி ஆஃப் கிராபிக் டிசைன்’ உண்டு. தமிழ்நாட்டு அச்சுப் பணியை அறிய மா.சு. சம்பந்தன் எழுதிய ‘அச்சும் பதிப்பும்’ உண்டு.

இவை அனைத்தையும் ஒருங்கே வாங்குதல் மாணவர்க்கு இயலாத செயல். இரண்டு நூல்களுக்கு மட்டுமே பொருள் உடையவர், பிரிங்ஹர்ஸ்டின் நூலையும் ‘பாக்கெட் பால்’ கையேட்டையும் வாங்குக. எஞ்சியவற்றை நூலகத்தில் கேட்டுப் பெறுக. அருகிலுள்ள அச்சகம் ஒன்றில் அனுமதி பெற்று, ஒரு ஃபாரம் பிளேட்டிலிருந்து மடிப்பு வரை செல்வதை உடனிருந்து பார்த்த பின்னரே அவற்றைத் திறந்து படிக்கத் தொடங்குக.