எண்ணிமக் குறிப்பேட்டில் மேற்கோள்: எல்லை, அடி, மூலம்

முன்னுரை

அட்டைகளில் குறிப்பெடுத்த ஆய்வாளர் பலர் இன்று அப்சிடியன் போன்ற குறிப்புச் செயலிகளுக்கு மாறியுள்ளனர். இச்செயலிகள் பலவற்றுக்கு அடிப்படையாக அமைவது, 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு முறையாகும். இம்முறையில் வரியின் தொடக்கத்தில், கணிதத்தில் 'விடப் பெரியது' எனப் பொருள்படும் கோணக்குறியை இட்டால், அவ்வரி மேற்கோளாகத் தனித்துக் காட்டப்படும். மின்னஞ்சலில் பிறர் கூற்றைச் சுட்டிய வழக்கிலிருந்து பெறப்பட்ட இக்குறி, தமிழ் ஆய்வின் தேவையை நிறைவு செய்கிறதா என்பது ஆராய்தற்குரியது.

எல்லை

மார்க்டவுனைத் திட்டமாக வரையறுக்கும் காமன்மார்க் விதிகளின்படி, மேற்கோள் பத்தியை அடுத்து வெற்று வரி விடாமல் எழுதப்படும் வரி, கோணக்குறி பெறாவிடினும் மேற்கோளின் பகுதியாகவே கொள்ளப்படும். தட்டச்சுச் சுமையைக் குறைக்கும் இச்சலுகை ஆய்வாளருக்கு இடராகிறது. உரைப்பகுதியின் கீழ் அவர் எழுதிய கருத்து, உரையாசிரியர் கூற்றாகத் தோன்றும். மாறாக, பல பத்திகளை எடுத்தெழுதி முதற்பத்திக்கு மட்டும் குறியிட்டால், எஞ்சியவை ஆய்வாளரின் எழுத்தாகத் தோன்றும். சில மாதங்களுக்குப் பின் அக்குறிப்பு ஆய்வேட்டின் இயலாக விரியும்போது, முன்னது பொய்ச்சான்றாகவும் பின்னது எழுத்துத் திருட்டாகவும் முடியும். இரண்டிலும் உள்நோக்கம் இல்லை என்பது விளைவை மாற்றுவதில்லை.

அடி

செய்யுளை மேற்கோளாக்குங்கால் மற்றொரு சிக்கல் எழுகிறது. அப்சிடியனின் இயல்பான அமைப்பில், தட்டச்சு செய்த அடிகள் அவ்வாறே பிரிந்து தோன்றும். அதே கோப்பைப் பாண்டாக் வழியாக வேறு வடிவத்திற்கு மாற்றினால், இயல்பமைப்பில் அடிமுறிவு வெற்றிடமாகி, அடிகள் உரைநடைபோல் ஒன்றோடொன்று இணையும். இது தோற்றக் குறை மட்டுமன்று. நேரிசை ஆசிரியப்பாவை இனங்காட்டுவது அதன் ஈற்றயலடி முச்சீராய் வருதல். குறள் வெண்பாவின் முதலடி நாற்சீரும் ஈற்றடி முச்சீரும் உடையது. அடிமுறிவு மறையின் யாப்புச் சான்றும் மறைகிறது. பதிப்புகளிடையே அடிப்பகுப்பு வேறுபடுமாயின், ஆய்வாளர் எப்பதிப்பைப் பின்பற்றினார் என்பதையும் அறிய இயலாது.

மூலம்

இணையப் பக்கங்களை அமைக்கும் எச்டிஎம்எல் மொழியில், மேற்கோளின் மூல முகவரியைப் பதிய ஒரு பண்புக்கூறு உண்டு. மார்க்டவுனின் மேற்கோள் குறியில் அதற்கு இடமில்லை. மூலம் சுட்டாமையின் சுமையைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு நன்கறியும். நச்சினார்க்கினியர் உரையுடன் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அவ்வுரையில் நூற்பெயரின்றி வந்த மேற்கோள்களின் மூலங்களைத் தேடிக் காண வேண்டியிருந்தது. எனினும் 'என்றார்', 'என்ப', 'என' முதலிய சொற்களால் மேற்கோளின் முடிவை உரையாசிரியர்கள் புலப்படுத்தினர். நிறுத்தக்குறிகள் வழங்காத ஏட்டுச்சுவடியிலும் அவ்வெல்லை நின்றமைக்குக் காரணம், அது சொல்லில் அமைந்தமையே. செயலியிலோ எல்லை குறியில் மட்டும் அமைகிறது. குறி நீங்கின் எல்லையும் நீங்கும்.

முடிவுரை

இக்குறைகளுக்காகச் செயலிகளைத் தவிர்க்க வேண்டியதில்லை. அவற்றின் வடிவமைப்பைச் சான்றாகக் கொள்ளுதலே தவிர்க்கத்தக்கது. மேற்கோளுக்குப் பின் வெற்று வரி விடுதல், ஈற்றடி நீங்கலாக ஒவ்வோரடியின் முடிவிலும் இரண்டு வெற்றிடமோ பின்சாய்கோடோ இடுதல், நூல், பதிப்பு, பக்கம் ஆகியவற்றை மேற்கோளின் உள்ளேயே எழுதுதல் ஆகியன உடனடித் தீர்வுகளாகும். இவற்றினும் உறுதியானது, மேற்கோளை 'என்பது இன்னார் கூற்று' எனச் சொல்லாலேயே முடித்தலாகும். கோப்பு எவ்வடிவிற்கு மாறினும், குறிகள் அனைத்தும் உதிரினும், பிறர் சொல் முடிந்து ஆய்வாளர் சொல் தொடங்கும் இடத்தை அத்தொடர் காட்டி நிற்கும்.