கழுதை கேட்ட கேள்வி

தமிழ்ப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கழுகைத் தெரியும். 40 வயதில் மலையுச்சிக்குப் போகும். பாறையில் மோதி அலகை உடைக்கும். நகத்தையும் இறகையும் பிடுங்கிப் போடும். எல்லாம் புதிதாக முளைத்ததும் இன்னும் 30 ஆண்டு பறக்கும். பெங்களூரில் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் கதை புதிதாக இராது. ஆனால் அப்படியொரு கழுகு உலகத்தில் இல்லை. அலகு உடைந்த கழுகால் இரையைக் கிழிக்க முடியாது, பட்டினியால் செத்துப்போகும். இறகுகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உதிர்ந்து முளைக்கும். 103ஆம் சங்கீதமும் ஏசாயா 40ஆம் அதிகாரமும் கழுகை உவமை சொல்கின்றன. உடைத்துக்கொண்ட அலகைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

இதை வைத்து, விலங்கிடம் விசுவாசம் கற்கும் பழக்கத்தையே தள்ளிவிட முடியாது. சோம்பேறியை எறும்பிடம் அனுப்புகிறது நீதிமொழிகள். மிருகங்களைக் கேட்டுப் பார், அவை போதிக்கும் என்கிறார் யோபு. இயேசு ஆகாயத்துப் பறவைகளைக் காட்டினார். சாது சுந்தர் சிங்கும் இயற்கையிலிருந்தே உவமைகளை எடுத்தார். காத்திருத்தல், நம்புதல் என்பவை வெறும் சொற்களாக நிற்கும்வரை பிடிபடுவதில்லை. வேலைக்குப் போனவர் திரும்பும்வரை வாசலில் படுத்திருக்கும் தெருநாய், அவற்றுக்கு உடம்பு கொடுத்துவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ள எழுத்தறிவும் வேண்டாம், இறையியல் பட்டமும் வேண்டாம். இன்னொரு பலன், நம் தலைக்கனம் இறங்குவது. மாடு தன் எஜமானை அறியும், கழுதை தன் தீவனத்தொட்டியை அறியும், என் ஜனத்துக்கோ அறிவில்லை என்று ஏசாயா கடிந்துகொள்ளும்போது, விலங்கு நமக்கு மேலே நிற்கிறது.

குறைகள் இரண்டு. முதலாவது, விலங்கின் வாயில் நம் பேச்சைத் திணிப்பது. எறும்பு கோடையில் சேர்த்து வைக்கிறது. பறவையோ களஞ்சியத்தில் சேர்ப்பதில்லை. இரண்டும் ஒரே வேதாகமத்தில்தான் இருக்கின்றன. சோம்பலுக்கு எறும்பு, கவலைக்குப் பறவை: கேட்கிறவரின் நோய் பார்த்துக் கொடுத்த மருந்துகள் இவை. அதை மறந்தால் எந்த விலங்கை வைத்தும் எதையும் நிரூபித்துவிடலாம். ஆதித் திருச்சபைக் காலத்தில் ‘ஃபிசியோலோகஸ்’ என்ற கிரேக்க நூல், கூழைக்கடா தன் மார்பைக் கிழித்து இரத்தத்தால் குஞ்சுகளை உயிர்ப்பிக்கிறது என்றது. சிலுவைக்கு அழகான அடையாளம்தான். தேவாலயங்களில் அது சிற்பமாகவும் நின்றது. ஆனால் பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் மத்தூர் வட்டத்தில் இருக்கிற கொக்கரெ பெள்ளூரில் கூழைக்கடாவை நேரில் பார்க்கலாம். தாயின் அலகுப் பைக்குள் குஞ்சு தலையை விட்டு மீனை எடுத்துக்கொள்கிறது. இரத்தம் எங்கும் இல்லை. ஊர்க்காரர்களோ, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள்களைப்போல அந்தப் பறவைகளைக் காக்கிறார்கள். சிற்பத்தில் இருக்கும் கற்பனைக் கருணையைவிட, வீட்டு மரத்தைப் பறவைக்கு விட்டுக்கொடுக்கிற இந்தக் கருணையில்தான் எனக்குப் பாடம் தெரிகிறது.

இரண்டாவது குறை, பாடம் கிடைத்ததும் விலங்கைக் கைவிடுவது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்கிறது உபாகமம். பவுல் அந்தக் கட்டளையை எடுத்து, தேவன் மாடுகளுக்காகவா கவலைப்படுகிறார் என்று கேட்டு, ஊழியக்காரரின் பிழைப்புக்கு ஆதாரமாக்குகிறார். உழைப்பவர் உண்ண வேண்டும் என்ற அவர் நியாயம் சரிதான். ஆனால் வாசகரின் கண்ணிலிருந்து மாடு மறைந்துபோகிறது. யோனாவின் புத்தகம் அப்படி மறைய விடவில்லை. நினிவேயின் 1,20,000 பேரோடு அங்கிருந்த திரளான மிருகஜீவன்களையும் தேவனே எண்ணிச் சொல்வதோடுதான் அது முடிகிறது. 2015இல் போப் பிரான்சிஸ் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலும், மனிதப் பயனுக்கு அப்பாலும் உயிர்களுக்கு மதிப்பு உண்டு என்றது.

ஆகவே நான் வைக்கும் உரைகல் ஒன்றுதான்: பாடம் அந்த விலங்கிடமே திரும்பி வருகிறதா? தெருநாயின் விசுவாசத்தை வியந்து சாட்சி சொன்னவர், வெளியே வந்ததும் அதன்மேல் கல்லெறிந்தால் அவர் நாயிடம் எதையும் கற்கவில்லை. தன் பேச்சுக்கு ஓர் அலங்காரம் எடுத்துக்கொண்டார், அவ்வளவே.

பாம்பை விட்டால், பழைய ஏற்பாட்டில் வாய் திறந்து பேசும் விலங்கு தீர்க்கதரிசி பிலேயாமின் கழுதை ஒன்றுதான். அவர் பார்க்காத தூதனை அது பார்த்திருந்தது. வாய் திறக்கப்பட்டதும் அது உவமை சொல்லவில்லை, தரிசனத்தை விளக்கவில்லை. என்னை ஏன் மூன்று முறை அடித்தாய் என்றுதான் கேட்டது.