தேக்கு, டீக், டெக்டோன்: ஒரு குட்டைச் சொல்லின் வழித்தடம்

தமிழிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சொற்கள் என்று ஒரு பட்டியல் அடிக்கடி சுற்றி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டுமரம், சுருட்டு வரைக்கும் ஒழுங்காகத்தான் போகும். தேக்கு வந்ததும் வண்டி தடம் புரண்டுவிடும். ஆங்கில 'டீக்' தேக்கிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் தச்சனைக் குறிக்கும் 'டெக்டோன்' என்பதும் தேக்குதான். எனவே ஆர்க்கிடெக்ட், டெக்னாலஜி எல்லாமே நம்ம ஊர் மரம்! இருபது வருஷமாக 'டெக்' துறையில் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் இதைக் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த வாதத்தில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் சரியான பாதி. தமிழிலும் மலையாளத்திலும் தேக்கு. கன்னடத்தில் தேக, தெலுங்கில் டேகு. வடக்கே போனால் சொல்லே வேறு: வடமொழியில் சாக, இந்தியில் சாகுவான், அரபியில் சாஜ். அரேபியர்கள் இந்த மரத்தைப் பல நூற்றாண்டுகளாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பா அவர்களிடமிருந்து சொல்லை எடுத்திருந்தால் இன்று 'சாஜ்' போல ஏதோ ஒன்று வழங்கியிருக்கும். அப்படி நடக்கவில்லை. 1498க்குப் பிறகு மலபார்க் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர் 'டெகா' என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் அது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைகாட்டுகிறது. கப்பல் கட்டத் தேக்கைப் போல மரம் இல்லை என்பதால் மரத்தோடு சொல்லும் பரவியது. 1817ல் பம்பாயில் தேக்கால் கட்டி, திருகோணமலையின் பெயரை வைத்த 'டிரிங்கோமாலி' போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது.

ஐரோப்பிய வடிவங்களை வரிசையாக வைத்தால் இரண்டு கட்சி தெரியும். ஸ்பானியத்தில் டெகா, பிரெஞ்சில் டெக்: இவை போர்த்துக்கீசிய வழி. ரஷ்யத்தில் டிக், ஃபின்னிஷில் டீக்கி, ஜெர்மனில் டீக்: இவை ஆங்கில வழி. ஏகாரம் ஈகாரமானது எப்படி? சொல் ஆங்கிலத்துக்குள் வந்த காலத்தில் இ, ஏ என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்தால் ஏகார ஒலியும் வழக்கில் இருந்தது. பிறகு பெரும்பாலான சொற்களில் அது ஈகாரமாக மாறிவிட்டது. கிரேட், பிரேக், ஸ்டேக் போன்ற சில சொற்கள் மட்டும் பழைய ஏகாரத்தோடு தங்கிவிட்டன. ஆக, உயிரெழுத்தை வைத்தே சொல் எந்தக் கப்பலில் ஏறியது என்று சொல்லிவிடலாம்.

இனி டெக்டோன். மைசீனியக் காலக் களிமண் பலகைகளில், சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தச் சொல் தச்சர்களைக் குறித்து வருகிறது. இதன் உறவுக்காரச் சொல் வடமொழி 'தக்ஷன்', அதற்கும் தச்சன் என்றே பொருள். கிரேக்க 'க்ட்' வரும் இடத்தில் வடமொழியில் 'க்ஷ்' வருவது ஒரு விதி. கரடியை எடுத்துக்கொள்ளுங்கள்: கிரேக்கத்தில் ஆர்க்டோஸ், வடமொழியில் ருக்ஷ. ஒரு ஜோடி அமைந்தால் தற்செயல் எனலாம். அதே மாற்றம் வேறு சொற்களிலும் திரும்பத் திரும்ப வந்தால் அது உறவு. தேக்கில் அந்த 'ட்' எங்கே? கன்னடத்திலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை. வேரில் ககரம் மட்டும்தான்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் தாவரவியல். 1782ல் இளைய லின்னேயஸின் நூலில் இந்த மரம் 'டெக்டோனா கிராண்டிஸ்' என்று பெயர் பெற்றது. டெக்டோனா என்பதைக் கிரேக்கத் தச்சனோடு சேர்த்துத்தான் பொதுவாக விளக்குகிறார்கள். பெயர் வைத்தவர் காதில் 'டெகா'வும் ஒலித்திருக்கலாம். எப்படியானாலும் அது 18ஆம் நூற்றாண்டில் ஒட்டவைத்த ஒட்டு. அதை மைசீனியக் காலத்துக்குப் பின்தேதியிட முடியாது.

நம்ம தொழில் மொழியில் சொன்னால் இது ஹாஷ் மோதல். வேறு வேறு தகவல்கள் ஒரே குறியீட்டைத் தந்துவிடும். குறியீடு எவ்வளவு சிறியதோ அவ்வளவு மோதல். சொல்லும் அப்படித்தான். இரண்டு மெய்யெழுத்து ஒத்துப்போவதை வைத்துச் சொந்தம் கொண்டாடினால், உலகத்தில் எந்த மொழியையும் எந்த மொழியோடும் சேர்த்துவிடலாம்.

இதில் வேடிக்கை, டெக்டோனுக்கு உறவு தேடி மரவாடிக்குப் போகிறவர்கள் அங்கே வேலை செய்கிற ஆளைக் கவனிக்கவில்லை. 'தச்சன்' என்ற சொல் தக்ஷனிலிருந்து வந்தது என்றே சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. 'தை' என்ற வினையோடு சேர்ப்பவர்களும் உண்டு. அகராதி சொல்வது சரியென்றால், டெக்டோனின் தாயாதி நம்ம தெருவில் இழைப்புளி தள்ளுகிற தச்சர்தான், அவர் இழைக்கிற தேக்கு இல்லை. வந்த சொல் என்பதால் குறைவா என்ன? புறநானூறு 87ல் ஒளவையார் அதியமானின் வலிமைக்கு உவமை தேடியபோது, நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் ஒரு தச்சனைத்தான் கூப்பிட்டார்.

இன்னொரு சண்டையும் உண்டு: அகராதிகள் 'டீக்' மலையாளம் என்று போடுவது அநியாயமாம். 1886ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே மலையாளத்தையும் தமிழையும் சேர்த்துத்தான் தருகிறது. போர்த்துக்கீசியர் வாங்கிய கரை மேற்குக் கரை. அதை மாற்ற முடியாது. தென்காசிக்காரர்களுக்கு இது புரிவது கஷ்டமில்லை. பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் கணக்கு, பிறகு கேரளம், தமிழகம் என்று பிரிந்தபோது நம்ம பக்கம் வந்தது. ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கமும் தேக்கு, அந்தப் பக்கமும் தேக்கு. குற்றாலத்தில் வீடு கட்டுகிறவர் நிலைக்கதவுக்கு நிலம்பூர்த் தேக்கு கேட்டால், சொல் எந்த மொழி என்று மரவாடிக்காரர் கேட்பதில்லை.

எனக்குக் கவலை வேறு. டெக்னாலஜியும் தமிழ் என்று சொல்லிவிட்டு டீக் தமிழ்க் குடும்பத்துச் சொல் என்றால், கேட்கிறவர் இரண்டையும் சேர்த்தே சிரித்து ஒதுக்குவார். துறைமுகம், காலம், ஒலிமாற்றம் மூன்றுக்கும் சாட்சி உள்ள ஒரு நல்ல வழக்கை நாமே கெடுத்துக்கொள்கிறோம். அடுத்து 'கறி'யை எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதிலும் இதே போல ஒரு பழைய ஆங்கிலச் சொல் குறுக்கே நிற்கிறது.